ஒரு மில்லிமீட்டர் தண்ணீர்

முள்ளுக்குறிச்சியிலிருந்து மலைக்கு ஏறும் பாதையில் எங்கள் சாமான்களைத் தூக்கி வந்த ஆட்கள், எல்லாவற்றையும் விட ஒரு சின்னச் சாக்கு மூட்டையைத்தான் அதிகம் திட்டினார்கள். பார்க்கச் சின்னது, தலையில் வைத்தால் கழுத்தை ஒடித்தது. உள்ளே இருந்தது கைப்பிடியைச் சுற்றிக் கூட்டல், பெருக்கல் போடும் ஓர் இரும்புக் கணக்குப் பொறி. பம்பாயில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தது. பாதி மலையில் அதைச் சுமந்தவர் இறக்கி வைத்துவிட்டு, "ஏனுங்க, உள்ளார அம்மிக்கல்லுங்களா?" என்று கேட்டார். என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலையில் மிச்சம் இருந்தது முழுவதும் அந்தச் சாக்குக்குள் இருந்தது. அது உருண்டு பள்ளத்தில் விழாமல் மேலே போய்ச் சேர வேண்டுமே என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். மலைக்கு பஸ் ரோடு வரவில்லை. வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அதில் அரியூர் நாட்டில் இருந்த அரசு டிஸ்பென்சரிக்கு என் கணவரை டாக்டராகப் போட்டிருந்தார்கள். ஒரு வருஷம்தான், அதற்குள் சேலத்துக்கோ வேறு எங்காவதோ மாற்றிவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். அந்த ஒரு வருஷத்தை நம்பித்தான் நான் பம்பாயில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

அதற்கு முன் மூன்று வருஷம் கடலோரத்தில் இருந்த ஓர் அணு உலையில் வேலை பார்த்தேன். சேலத்தில் இருந்த என் உறவினர்களுக்கு அது குண்டு செய்கிற இடம். நாங்கள் செய்ததோ தண்ணீரைப் பற்றிய வேலை. ஒரு டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அதில் ஒரு சொட்டு மை விட்டால், யாரும் கலக்காமலே அது பரவுகிறது. தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறும் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம். அது எப்படி நகர்கிறது என்பதுதான் கேள்வி. கூட்டத்தில் இடித்துப் பிடித்து ஊர்ந்துபோகிற ஆளைப் போல விடாமல் நகர்கிறதா, அல்லது ஓர் இடத்தில் சற்று நேரம் நின்று நடுங்கிவிட்டுச் சட்டென்று பக்கத்து இடத்துக்குத் தாவுகிறதா? கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் உலையிலிருந்து வருகிற நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்துத் தண்ணீர் மேல் விட்டால், அவை மூலக்கூறுகளின் மேல் பட்டுச் சிதறும். மூலக்கூறு நகராமல் இருந்தால் நியூட்ரான் போன வேகத்திலேயே திரும்பும். நகர்வதால் அந்த வேகம் கொஞ்சம் இப்படியும் அப்படியும் விரிகிறது. அந்த விரிவின் அகலத்தை அளந்தால் நகர்வைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கோணம். சிறிய கோணத்தில் சிதறி வரும் நியூட்ரான்கள் மூலக்கூறின் நீண்ட பயணத்தைச் சொல்லும். பெரிய கோணத்தில் வருபவை அதன் ஓரிரு அடிகளைச் சொல்லும். நீண்ட பயணத்தில் ஊர்வதற்கும் தாவுவதற்கும் வித்தியாசம் தெரியாது. கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஊர்கிற மூலக்கூறாக இருந்தால் அகலம் நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகும்; தாவுகிற மூலக்கூறாக இருந்தால், அகலம் ஓர் இடத்தில் ஏறுவதை நிறுத்தி வளைந்து படுக்கும். எங்கள் அளவுகளில் அந்த வளைவு தெரிந்தது. முதன்முதலில் வரைபடத் தாளில் அதைப் பென்சிலால் இழுத்துவிட்டு, எல்லாப் புள்ளிகளையும் மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். டாக்டர் பட்டத்துக்கு அதை வைத்துத்தான் பதிவு செய்திருந்தேன்.

அளவெடுத்து முடிந்திருந்தது, கணக்குதான் பாக்கி. அதை மலையிலிருந்தே போடுகிறேன், முடிக்க முடிக்கத் தபாலில் அனுப்புகிறேன் என்று எங்கள் குழுத் தலைவரிடம் கேட்டேன். அவருக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. ஆனாலும் சரி என்றார். கணக்குப் பொறியைக் கொண்டுபோக அனுமதி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

மலையில் எங்களுக்குக் கொடுத்த வீட்டில் ஒரு பெரிய அறை, ஒரு சமையல் தடுப்பு, ஓடு போட்ட கூரை. ஜன்னலோரம் டிஸ்பென்சரியின் பழைய மேஜை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். கணவர் காலையில் போய்விடுவார். மலைக்காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, அரிவாள் வெட்டு, பிரசவம் என்று ஒவ்வொரு நாடாக நடந்தே சுற்றுவார். குண்டனி நாட்டுப் பக்கம் போனால் அன்று திரும்பமாட்டார். நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வேலை இதுதான். ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு கட்டுத் தாள். அதில் ஒவ்வொரு வேகத்துக்கும் எத்தனை நியூட்ரான் வந்தது என்ற எண்ணிக்கை. தண்ணீரை ஓர் அலுமினிய டப்பாவில் அடைத்துத்தான் அளந்தோம்; அதனால் தண்ணீர் இல்லாத வெறும் டப்பா கொடுத்த எண்ணிக்கையை அதிலிருந்து கழிக்க வேண்டும். பிறகு, கருவியே சேர்த்துவிடுகிற அகலம் ஒன்று உண்டு. மூலக்கூறு நகரவே இல்லையென்றாலும் கருவி ஒரு கோட்டைக் கொஞ்சம் தடிமனாகத்தான் காட்டும். அந்தத் தடிமனை வனேடியம் என்ற உலோகத் தகட்டை வைத்து முன்பே அளந்திருந்தோம். தண்ணீரின் அகலம் இவ்வளவு இருக்கலாம் என்று ஓர் ஊகத்தை எடுத்து, கருவியின் தடிமனோடு அதைக் கலந்து, வருகிற வடிவம் நாங்கள் அளந்ததோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாது. ஊகத்தை மாற்றி மறுபடி முதலிலிருந்து. ஓர் ஊகத்துக்கு ஒரு பகல் போய்விடும்.

மலைப் பனி காகிதத்தைக் கெடுத்தது. வரைபடத் தாள் ஈரத்தில் ஊதிக்கொள்ளும், வெயில் வந்தால் சுருங்கும். காலையில் வைத்த புள்ளியை மாலையில் படித்தால் வேறு எண் வரும். கட்டங்களை நம்பாமல் எல்லாவற்றையும் எண்ணாகவே எழுதிவைக்கப் பழகிக்கொண்டேன். மழைக்காலத்தில் பொறியின் பல்சக்கரங்கள் இறுகிக்கொண்டன. கணவர் டிஸ்பென்சரியிலிருந்து லிக்விட் பாரஃபின் கொண்டுவந்து விட்டார். "மலச்சிக்கலுக்குக் குடுக்கறதுதான். இதுக்கும் அதே வியாதிதானே" என்றார். பொறி இளகியது. ஆனால் ஒரு சக்கரம் மட்டும் சில சமயம் ஒரு பல் தாண்டிப் போய்விடும். அதனால் ஒவ்வொரு கூட்டலையும் இரண்டு தடவை போட வேண்டியதாயிற்று.

பக்கத்து வீட்டில் என் வயதுடைய ஒரு மலைக்காரப் பெண் இருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் சாமையும் குச்சிக்கிழங்கும் பயிர் வைத்திருந்தார். எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள் அவள்தான். ஒரு நாள் பாலோடு ஒரு சிவப்புத் துணியையும் கொண்டுவந்தாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, உங்க மிசினுல ஒரு ரவிக்கை தெச்சுக் குடுப்பீங்களா?"

கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டுத் தையல் மிஷின் என்று நினைத்திருக்கிறாள். உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். கைப்பிடியைச் சுற்றச் சொன்னேன். சுற்றினாள். எண்கள் ஓடின. பொறி தாங்குகிற அளவைத் தாண்டினால் அதில் ஒரு சின்ன மணி அடிக்கும். மணி அடித்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். தண்ணீர் எப்படி நகருகிறது என்று கணக்குப் போடுவதாகச் சொன்னேன்.

"தண்ணி பள்ளத்துக்குத்தானுங்க போகும்" என்றாள்.

ஓடாத தண்ணீரைச் சொல்கிறேன் என்று ஒரு டம்ளரை எடுத்து மை விட்டுக் காட்டினேன். மை பரவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாடு கத்துகிறது என்று எழுந்து போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. என்னோடு எம்.எஸ்ஸி. படித்தவர்களில் பாதிப்பேருக்கு இதைச் சொன்னாலும் அப்படித்தான் எழுந்து போயிருப்பார்கள்.

ஆனால் மறுநாள் இரண்டு பெண்களோடு வந்தாள், மணிச் சத்தம் கேட்க. நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பி வருவதற்குள் அவர்கள் சுற்றிச் சுற்றி மணி அடித்துவிட்டார்கள். காலையிலிருந்து கூட்டி வைத்திருந்த தொகை போய்விட்டது. மேஜைக்கு முன்னால் நின்று அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் மெதுவாக நழுவிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பாலை வாசலில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள். நானே போய்ச் சமாதானம் பேசி உள்ளே கூப்பிட வேண்டியிருந்தது. அதிலும் ஒரு பகல் போயிற்று.

எட்டு மாதம் போல ஆனபோதுதான் சிறிய கோணங்களில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கோணம் குறையக் குறைய அகலமும் குறைந்து, பூஜ்யத்தை நோக்கிப் போக வேண்டும். எங்கள் அகலங்கள் அப்படிப் போகவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டதைப் போல, இருக்க வேண்டியதை விட உயரத்தில் நின்றன. இன்னொன்றும் இருந்தது. தண்ணீரில் மூலக்கூறு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று வேறு முறைகளில் ஏற்கனவே அளந்திருந்தார்கள். கனமான ஹைட்ரஜனால் குறியிட்ட தண்ணீரைச் சாதாரணத் தண்ணீரோடு சேர்த்து அது கலப்பதைப் பார்க்கும் முறை அது. எங்கள் சிறிய கோணங்களிலிருந்து வந்த வேகம் அதை விடக் கணிசமாக அதிகம். கணக்கில்தான் பிழை என்று எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். சக்கரம் பல் தாண்டியிருக்குமோ என்று கையாலும் பெருக்கிப் பார்த்தேன். பிழை இல்லை.

ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டு சோறு வடித்தேன். பிறகு புரிந்தது. எங்கள் டப்பாவில் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் கனம். மனிதருக்கு அது ஒன்றுமில்லை. நியூட்ரானுக்கு அதிகம். சில நியூட்ரான்கள் ஒரு மூலக்கூறில் பட்டு, வெளியே போவதற்குள் இன்னொன்றில் பட்டு, இரண்டு தடவை சிதறி வெளியே வருகின்றன. இரண்டு பெரிய கோணங்களில் திரும்பிய நியூட்ரான், கடைசியில் சிறிய கோணத்தில் வந்ததைப் போல வந்து நிற்கும். பெரிய கோணத்தின் அகலத்தைச் சுமந்துகொண்டு சிறிய கோணத்துக்குள் நுழைந்துவிடும். அதனால்தான் எங்கள் புள்ளிகள் கீழே இறங்கவில்லை. தண்ணீரின் கனத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

தலைவருக்கு எழுதினேன். தபால் கீழேயிருந்து நடந்து வருகிற ஓர் ஆளின் தோள்பையில்தான் வரும், போகும். மழை பெய்தால் அதுவும் இல்லை. பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நான் சொல்வதில் நியாயம் இருக்கலாம், ஆனால் தண்ணீர் மெலிந்தால் சிதறுகிற நியூட்ரான்களும் குறையும், அளக்க மூன்று மடங்கு நேரம் பிடிக்கும், உலையில் அவ்வளவு நேரம் எங்களுக்குக் கிடைக்காது, சிறிய கோணப் புள்ளிகளை விட்டுவிட்டு மற்றதை எழுதி அனுப்பு என்றிருந்தார். நான் மறுத்து எழுதினேன். சிறிய கோணம்தான் அஸ்திவாரம், அதிலிருந்துதான் நேர்கோட்டை இழுக்கிறோம், அந்தக் கோட்டிலிருந்து விலகுவதைத்தான் வளைவு என்கிறோம். கோடே தப்பாக இருந்தால் வளைவுக்கு என்ன அர்த்தம்? இப்படி மூன்று நான்கு கடிதங்கள் போய் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி. பம்பாயில் இருந்திருந்தால் தாழ்வாரத்தில் நின்று பத்து நிமிஷத்தில் பேசி முடித்திருப்போம். இந்த நினைப்புத்தான் என்னை அதிகம் வாட்டியது.

ஒரு வருஷம் என்று சொன்னது முடிந்தது. மாற்றல் வரவில்லை. மலைக்கு வர வேறு டாக்டர் யாரும் சம்மதிக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். கணவர் மேலே எழுதிப் பார்த்தார். ஆனால் உள்ளுக்குள் அவருக்கு அந்த மலை பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவர் போகிற இடமெல்லாம் சனங்கள் எழுந்து நின்றார்கள். அதற்காக அவர் மேல் கோபப்பட முடியாது. முடியாததால் சின்னச் சின்ன விஷயங்களில் கோபப்பட்டேன். விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கவில்லை, செருப்பை உள்ளே கழற்றிப் போட்டார், இப்படி.

கடைசியில் தலைவர் இறங்கி வந்தார். ஐப்பசியில் உலையில் எங்கள் குழுவுக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் மெல்லிய தண்ணீரை அளக்கலாம், நீயே வந்து நடத்து என்று எழுதினார். அந்தக் கடிதம் வந்த அதே வாரத்தில்தான் நான் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது.

"போயே ஆகணுமா?" என்று கணவர் கேட்டார்.

"ஆமாங்க. இந்தத் தடவை விட்டா மறுபடி எப்பக் கிடைக்குமோ."

"சரி, போயிட்டு வா. ஆனா டோலியிலதான் எறங்கோணும். அதுல பேச்சில்லை" என்றார்.

நாற்காலியை மூங்கிலில் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். அப்படிப் போக எனக்கு வெட்கமாக இருந்தது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓர் ஓடையில் வெள்ளம் வந்து கடக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு காவல் குடிசையில் ஒதுங்கி, மறுநாள் வெள்ளம் வடிந்த பிறகுதான் இறங்கினோம். முள்ளுக்குறிச்சியில் என் காலிலிருந்து அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றேன். சேலத்தில் பிடிக்க வேண்டிய ரயில் முந்தின நாளே போய்விட்டது. பம்பாய் போய்ச் சேர்ந்தபோது அளவெடுப்பைத் தொடங்கியிருந்தார்கள்.

வாசலில் பெயர் எழுதும் இடத்தில் ஒரு மாற்றம் வந்திருந்தது. உலைக் கூடத்துக்குள் போகிற பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்களா என்று இப்போது கேட்டார்கள். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்ல வாய் வரவில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்ட அதிகாரி வயதானவர், நல்ல மனிதர். என்னை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, உள்ளே விட முடியாது என்று சொன்னார். உங்களுக்காக அல்ல, குழந்தைக்காகச் சொல்கிறேன் என்றார். அவர் சொன்னது சரி. வாதாட ஒன்றுமில்லை. மலையிலிருந்து டோலியில் இறங்கி, நாட்டின் பாதியைக் கடந்து வந்து, கருவிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கான்கிரீட் சுவர் மட்டும் இருக்க, நான் வெளியே உட்கார்ந்தேன்.

என் இடத்தில் உள்ளே வேலை பார்த்தவர் எனக்குப் பிறகு சேர்ந்த ஒரு வங்காளி இளைஞர். கெட்டிக்காரர்தான், ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் மேல் மட்டும் காதல். அவர் எண்ணிக்கைகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு உணவுக்கு வெளியே வருவார். நான் கேன்டீனில் காத்திருந்து வாங்கிப் பார்ப்பேன். மூன்றாம் நாள் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. அடுத்த நாள் இன்னும் குறைந்தது. மெதுவாக, ஒரே சீராக. அவர் எண்ணும் கருவியில் கோளாறு என்றார். டப்பாவிலிருந்து தண்ணீர் கசிகிறது என்று நான் சொன்னேன். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் ரப்பர் வளையம் வைத்துத் திருகாணியால் இறுக்கிய டப்பா அது. தண்ணீரை மெலிதாக்குவதற்காகத் தகடுகளை நெருக்கியதில் வளையம் ஒரு பக்கம் பிதுங்கியிருக்கலாம். எடுத்து எடை போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை என்றேன். டப்பாவை வெளியே எடுத்தால் மறுபடி அதே நிலையில் பொருத்துவது கஷ்டம், முதலில் கருவியைச் சரிபார்த்துவிடுகிறேன் என்றார். ரேடியோவில் இருப்பவை போன்ற கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தார். தலைவரிடம் போய்ச் சொன்னேன். உள்ளே இருப்பவர் அவர், அவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார்.

டப்பாவை எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் காலி. அதற்குள் எங்கள் இரண்டு வாரம் முடிந்துவிட்டது. உலையைப் பராமரிப்புக்காக நிறுத்தினார்கள்.

அந்த இளைஞர் கேன்டீனுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்தேன். பரவாயில்லை என்று சொன்னது பொய். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கடலோரத்தில் மீன் காய வைத்திருந்தார்கள். அந்த நாற்றத்தில் வாந்தி எடுத்தேன்.

ஊருக்குத் திரும்பி, பிரசவத்துக்குச் சேலத்தில் பிறந்த வீட்டில் இருந்து, மகள் பிறந்து ஐந்தாம் மாதம் மறுபடி மலையேறினேன். இந்தத் தடவை டோலியைப் பற்றிப் பேச்சே எழவில்லை, குழந்தையோடு நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் தினமும் வந்து குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டாள். அவளுக்கு என் மகள் கண்ணு, சாமி எல்லாம். அவள் குழந்தையை வைத்துக்கொண்ட நேரங்களில்தான் நான் மேஜைக்குப் போக முடிந்தது.

ஏனென்றால் வேலை வந்திருந்தது. அந்த வங்காளி இளைஞர், அடுத்த முறை உலையில் இடம் கிடைத்தபோது, யாரும் சொல்லாமலே, புதிய டப்பா செய்து, நாள்தோறும் நிறுத்துப் பார்த்து, மெல்லிய தண்ணீரை ஒழுங்காக அளந்து அனுப்பியிருந்தார். கட்டைப் பிரித்த அன்று அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இனி எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தேன்.

சிறிய கோணங்களைத்தான் முதலில் எடுத்தேன். அகலங்கள் கீழே இறங்கின. கோணம் குறையக் குறையப் பூஜ்யத்தை நோக்கி ஒழுங்காகப் போயின. பரவும் வேகம் மற்ற முறைகளில் அளந்ததோடு ஒத்துப்போனது. நான் சொன்னது சரி. மேஜையிலிருந்து எழுந்து, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும். கணவர் குண்டனி நாட்டுக்குப் போயிருந்தார்.

பிறகு பெரிய கோணங்கள். அவை அதிகம் மாறவில்லை. ஆனால் இப்போது கீழே இருந்து இழுத்த நேர்கோடு முன்னை விடத் தாழ்வாகப் போனது. தாழ்ந்த கோடு பெரிய கோணப் புள்ளிகளுக்கு மிக அருகிலேயே போயிற்று. மெல்லிய தண்ணீர் கொடுத்த எண்ணிக்கை குறைவு என்பதால் ஒவ்வொரு புள்ளியிலும் பிழைக்கு இடம் அதிகம். அந்த இடத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் பிழைக்கோடாகப் போட்டுப் பார்த்தால், புள்ளிகள் நேர்கோட்டிலும் இருக்கலாம், கொஞ்சம் வளைந்தும் இருக்கலாம். என் வளைவு போய்விட்டது. இல்லை என்று நிரூபிக்கப்பட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிலைக்குப் போய்விட்டது.

ஒவ்வொரு ஊகத்தையும் மறுபடி போட்டேன். வளைவு இருக்க வேண்டும் என்ற ஆசையில் எங்காவது தப்பாகக் கழித்திருப்பேனோ, அல்லது ஆசைப்படக் கூடாது என்ற பயத்தில் அதிகம் கழித்துவிட்டேனோ என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். மாதங்கள் போயின. மகள் தவழ்ந்து வந்து மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்கள் அப்படியே இருந்தன.

உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். கட்டுரையை இளைஞரும் தலைவரும் சேர்ந்து எழுதினார்கள். என் பெயர் மூன்றாவதாக வந்தது. இரண்டு தடவை சிதறுவதைப் பற்றி நான் எழுதிய பகுதியை ஏறக்குறைய அப்படியே வைத்திருந்தார்கள். அச்சான பிரதி மலைக்கு வந்தபோது கணவர் வாசலிலேயே நின்று முழுவதையும் படித்தார். எவ்வளவு புரிந்ததோ. முடிவுப் பத்தியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். மூலக்கூறு ஊர்கிறதா, தாவுகிறதா என்பதை இந்த அளவுகளைக் கொண்டு தீர்மானிக்க இயலவில்லை என்று இருந்தது.

"நீ சொன்னதைத்தானே போட்டிருக்காங்க?" என்றார். "அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?"

"நான் சொன்னதுதான். அதுதான் எரிச்சல்."

"சரியாச் சொன்னதுக்கு யாராச்சும் எரிச்சல் படுவாங்களா?"

"படுவாங்க. ஆறேழு வருஷம் அதுல போட்டிருந்தாப் படுவாங்க."

அவர் பிரதியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, சற்று நின்று, "மாத்தலுக்கு மறுபடி எழுதறேன்" என்றார். இந்தத் தடவை உண்மையாகவே எழுதினார் என்று நினைக்கிறேன்.

டாக்டர் பட்டத்துக்கு இந்த ஒரு கட்டுரை போதாது என்று தலைவர் கனிவாகவே எழுதியிருந்தார். இன்னும் இரண்டு வருஷம் பம்பாயில் வந்து இருக்க முடிந்தால், இன்னும் நுட்பமான கருவி ஒன்று அமைக்கப்போகிறோம், அதில் வளைவைத் தேடலாம் என்றார். குழந்தையை எங்கே விடுவது, கணவர் எங்கே இருப்பது என்று பல விதமாக யோசித்தோம். எப்படிப் போட்டாலும் ஒன்று இடித்தது. கடைசியில் முடியாது என்று எழுதினேன். எழுதி முடிக்க மூன்று தாள் கிழித்தேன்.

மலைக்கு ரோடு வந்து, லாரி ஏறத் தொடங்கிய சமயத்தில் எங்களுக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. நான் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். பல வருஷங்கள் கழித்து, கல்லூரி நூலகத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்த ஓர் அயல்நாட்டுச் சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்த வளைவைப் பார்த்தேன். வேறு யாரோ, எங்களுடையதை விடப் பல மடங்கு நுட்பமான கருவியில், நாங்கள் வைத்ததை விட மெல்லிய தண்ணீரை வைத்து அளந்திருந்தார்கள். கோடு நேராக ஏறி, பிறகு தெளிவாக வளைந்து படுத்திருந்தது. மூலக்கூறு நின்று தாவத்தான் செய்கிறது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யார் மேல் என்று தேடிப் பார்த்தேன், யாரும் அகப்படவில்லை. படத்தில் இருந்த புள்ளிகளை விரலால் தொட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிழைக்கோடுகள் எவ்வளவு குட்டையாக இருந்தன. எதிர் மேஜையில் இருந்த தாவரவியல் ஆசிரியை என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். தண்ணீரைப் பற்றி ஒரு கட்டுரை என்று சொல்லி, சஞ்சிகையை அடுக்கில் வைத்துவிட்டு, மதிய வகுப்புக்கு எழுந்து போனேன்.